வெளியேறிய பிரிட்டன்: சரக்கு நின்றது எல்லையில், ஆட்கள் வந்தது வேறு திசையில்

புது டெல்லி: இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், லிங்கன்ஷயர் பகுதியில் பாஸ்டன் என்றொரு சிறு நகரம் உள்ளது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை காய்கறி வயல்கள் சூழ்ந்த ஊர் அது. 2004-இல் போலந்து, லித்துவேனியா, லாட்வியா உள்ளிட்ட நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த பிறகு, அந்த வயல்களில் அறுவடை செய்யவும், பண்டகசாலைகளில் காய்கறிகளைப் பொட்டலமிடவும் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23-ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில், பாஸ்டன் மக்களில் 75.6 சதவீதத்தினர் வெளியேற வேண்டும் என்று வாக்களித்தனர். நாட்டிலேயே மிக அதிகமான விகிதம் இதுதான்.

பாஸ்டன் மக்கள் எதை எதிர்பார்த்து வாக்களித்தார்கள் என்பதில் ஐயமில்லை. வெளியிலிருந்து வருவோர் குறைவார்கள், பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நெரிசல் தணியும், கூலி உயரும் என்று அவர்கள் நம்பினர். 'கட்டுப்பாட்டை மீட்டெடுப்போம்' என்ற வெளியேற்ற அணியின் முழக்கத்துக்கு அந்த ஊரில் பொருள் அதுவே. ஆனால், பிரிட்டன் முழுமையாக வெளியேறிய இரண்டே ஆண்டுகளில், அந்நாட்டின் நிகரக் குடியேற்றம், அதாவது உள்ளே வந்தவர்களில் வெளியே சென்றவர்களைக் கழித்த எண்ணிக்கை, 9 லட்சத்தைத் தாண்டியது. வாக்கெடுப்புக்கு முன்பு மக்களைக் கொதிக்க வைத்த எண்ணிக்கை மூன்று லட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது.

குடியேற்றத்தைக் குறைக்கவே பிரிந்த நாட்டில் குடியேற்றம் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது எப்படி? எந்தச் சுங்கவரியும் இல்லாத ஒப்பந்தத்தைப் பெற்ற பின்னரும் வணிகம் ஏன் மெலிந்தது? வாக்கெடுப்பு நடந்து பத்தாண்டுகள் நெருங்கும் வேளையில், இந்த இரண்டு கேள்விகளும் பிரிட்டனை மட்டும் சார்ந்தவையாக இல்லை. அவற்றின் விடைகளில் இந்தியாவுக்கும் கணிசமான பங்கு உண்டு.

வரி இல்லை, தாள் உண்டு

2020 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டன் சட்டப்படி ஒன்றியத்தை விட்டு விலகியது. இடைக்காலம் அதே ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எட்டப்பட்ட வர்த்தக மற்றும் ஒத்துழைப்பு ஒப்பந்தம், இரு தரப்பிலும் உற்பத்தியாகும் பொருள்களுக்குச் சுங்கவரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை என்றது. இதை அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் பெரும் வெற்றியாக முன்வைத்தார்.

ஆனால், பொதுச் சந்தை என்பது வரி இல்லாத சந்தை மட்டும் அல்ல. ஒரு நாட்டில் விற்பனைக்குத் தகுதி பெற்ற பொருள், மறு சோதனை ஏதும் இல்லாமல் மற்ற எல்லா நாடுகளிலும் விற்பனையாகும் என்பதே அதன் உயிர்நாடி. அதிலிருந்து விலகிய மறுநாளே ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிவிப்பு, உணவுப் பொருளாக இருந்தால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ், செடியாக இருந்தால் தாவர நலச் சான்றிதழ், எதுவாக இருந்தாலும் அது எங்கே உற்பத்தியானது என்பதற்கான ஆதாரம் எனத் தாள்கள் குவியத் தொடங்கின. ஸ்காட்லாந்திலிருந்து பிரான்சுக்குச் செல்லும் ஒரு குளிர்பதன லாரியில் பல வணிகர்களின் மீன் ஒன்றாக ஏற்றப்படுவது வழக்கம். அவர்களில் ஒருவரது சான்றிதழில் பிழை இருந்தாலும் மொத்த லாரியும் நின்றது. இங்கிலாந்து, வேல்ஸ் கடல்களில் எடுக்கப்படும் சிப்பி வகைகளில் பெரும்பகுதிக்கு ஒன்றியத்தின் கதவு அடியோடு மூடப்பட்டது. சுத்திகரிக்கப்படாத உயிருள்ள சிப்பிகளை வெளிநாடுகளிலிருந்து ஏற்பதில்லை என்பது ஒன்றியத்தின் பழைய விதி. பிரிட்டன் உறுப்பினராக இருந்தவரை அந்த விதி அதற்குப் பொருந்தவில்லை. விதி மாறவில்லை; பிரிட்டன்தான் 'வெளிநாடு' ஆனது.

பொருளின் பிறப்பிடம் பற்றிய விதி, இந்திய ஏற்றுமதியாளர்களையும் மறைமுகமாகத் தொட்டது. திருப்பூரில் தைத்து அனுப்பப்படும் ஒரு பின்னலாடை, பிரிட்டனின் கிடங்கில் இறங்கி, அங்கிருந்து அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ உள்ள கிளைக் கடைக்குச் செல்வது முன்பு சாதாரண நடைமுறை. ஒரு முறை வரி கட்டினால் போதும், ஒன்றியம் முழுவதும் போகலாம். இப்போது அதே ஆடை பிரிட்டனில் வரி செலுத்தி நுழைந்து, மீண்டும் ஒன்றியத்துக்குள் செல்லும்போது, அது பிரிட்டனில் உற்பத்தியானது அல்ல என்பதால் இரண்டாம் முறையும் வரிக்கு உள்ளாகிறது. ஒப்பந்தத்தின் வரி விலக்கு அதற்குக் கிடைக்காது. ஐரோப்பாவுக்கான நுழைவாயிலாகப் பிரிட்டனைக் கருதி வந்த இந்திய நிறுவனங்கள், அந்த வாயிலுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு இருப்பதை உணர்ந்தது அப்போதுதான்.

பெரிய நிறுவனங்கள் சமாளித்தன. சுங்க நடைமுறைகளுக்கெனத் தனிப் பிரிவுகளை அமைக்கவும், ஒன்றிய நாடுகளில் கிடங்குகளைத் திறக்கவும் அவற்றுக்கு வசதி இருந்தது. அடிபட்டவை சிறு நிறுவனங்களே. லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததால் பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி 2022-ஆம் ஆண்டில் 2,700 கோடி பவுண்ட், அதாவது 6.4 சதவீதம் குறைந்தது. ஒன்றியத்துக்கு அனுப்பிவந்த நிறுவனங்களில் சுமார் 16,400 நிறுவனங்கள் அந்த ஏற்றுமதியையே கைவிட்டன. நாலைந்து பேர் வேலை செய்யும் பாலாடைக்கட்டித் தயாரிப்பாளருக்கு, ஐம்பது பவுண்ட் பொட்டலம் ஒன்றுக்குச் சுகாதாரச் சான்றிதழ் பெறும் செலவு சரக்கின் விலையை விஞ்சும்போது வேறு வழி ஏது?

நாட்டின் நிதிநிலை மதிப்பீட்டுக்கான சுயேச்சை அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட நீண்டகாலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதமும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதமும் குறைவாக இருக்கும் என்று தொடர்ந்து கணித்து வருகிறது. இந்த எண்களைச் சற்று எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்பதும் உண்மை. வெளியேற்றம், கரோனா பெருந்தொற்று, உக்ரைன் போரால் எழுந்த எரிபொருள் விலையேற்றம் மூன்றும் அடுத்தடுத்து வந்தன. எந்தக் காயம் எதனால் என்று துல்லியமாகப் பிரிப்பது எளிதல்ல. சேவைத் துறை ஏற்றுமதி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாக்குப்பிடித்துள்ளது. 2021 ஜனவரியில் ஐரோப்பியப் பங்கு வர்த்தகத்தில் லண்டனை ஆம்ஸ்டர்டாம் முந்தியபோது, லண்டன் நிதி நகரம் இனி எழாது என்று எழுதப்பட்டது. அந்த ஆரூடம் பலிக்கவில்லை.

மற்றொரு வேடிக்கையும் நடந்தது. 2021 ஜனவரி முதல் நாளே ஒன்றியம் தன் எல்லையில் முழுச் சோதனையைத் தொடங்கிவிட்டது. எல்லையைக் கட்டுப்படுத்தவே வெளியேறிய பிரிட்டனோ, ஒன்றியத்திலிருந்து வரும் உணவுப் பொருள்களைச் சோதிப்பதை ஐந்து முறை தள்ளிப்போட்டு, 2024-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. சோதித்தால் கடைகளில் விலை ஏறும் என்ற அச்சமே காரணம். எல்லை ஏற்பாடுகளுக்கு அரசு குறைந்தது 470 கோடி பவுண்ட் செலவிடும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் சுட்டிக்காட்டியுள்ளது.

ஒரே நாட்டுக்குள் ஒரு கடல் எல்லை

பொருளாதாரக் கூட்டமைப்பை விட்டு வெளியேறுவது என்பது எங்கோ ஓர் இடத்தில் கோடு கிழித்தே ஆக வேண்டிய செயல். பிரிட்டனுக்கு அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதே மிகக் கடினமான பிரச்சினையாக இருந்தது. வடக்கு அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான நில எல்லையில் சோதனைச் சாவடிகளை அமைத்தால், பல்லாண்டு ரத்தக்களரிக்குப் பின் 1998-இல் எட்டப்பட்ட புனித வெள்ளி உடன்பாட்டின் அடித்தளமே ஆட்டம் காணும். எனவே கோடு கடலில் கிழிக்கப்பட்டது. வடக்கு அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஒன்றிய விதிகளைப் பின்பற்ற, இங்கிலாந்திலிருந்து பெல்பாஸ்ட் செல்லும் பொருள்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே சோதனைக்கு உள்ளாயின. 2023-இல் ரிஷி சுனக் அரசு செய்துகொண்ட வின்ட்சர் உடன்பாடு, வடக்கு அயர்லாந்திலேயே விற்பனையாகும் பொருள்களுக்குத் தனிப் 'பச்சை வழி'யை ஏற்படுத்திச் சிக்கலைத் தணித்ததே தவிர, தீர்க்கவில்லை.

போலந்து போனது, கேரளம் வந்தது

குடியேற்றத்தின் கதை இதைவிடச் சுவையானது. சம்பந்தப்பட்டவர்களுக்கு வேதனையானதும் கூட.

தடையற்ற நடமாட்டம் முடிவுக்கு வந்ததும், முதல் அடி சாலையில் தெரிந்தது. 2021 செப்டம்பரில் லாரி ஓட்டுநர் பற்றாக்குறையால் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. எரிபொருள் லாரிகளை ஓட்ட ராணுவ வீரர்கள் அழைக்கப்பட்டனர். 5 ஆயிரம் ஓட்டுநர்களுக்குத் தற்காலிக விசா வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. சில மாதங்களுக்கான அந்த விசாவை நம்பி ஐரோப்பிய ஓட்டுநர்கள் திரும்பி வருவதாக இல்லை.

செவிலியர் விஷயத்தில் மாற்றம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. வாக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டில் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியச் செவிலியர்கள் பிரிட்டனில் புதிதாகப் பதிவு செய்தனர். ஆங்கிலத் தேர்வும் கட்டாயமான நிலையில், இரண்டே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. மருத்துவமனைப் படுக்கைகள் காலியாகிவிடுமா என்ன? ஸ்பெயினும் போர்ச்சுகலும் விட்ட இடத்தை இந்தியாவும் பிலிப்பைன்ஸும் நிரப்பின.

2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புள்ளிகள் அடிப்படையிலான விசா முறை, ஐரோப்பியரையும் மற்றவரையும் ஒரே தட்டில் வைத்தது. வேலை அளிப்பவரின் ஸ்பான்சர் கடிதம், குறிப்பிட்ட ஊதியம், ஆங்கிலத் தேர்ச்சி இருந்தால் எந்த நாட்டவரும் வரலாம். 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பணியும் இதில் சேர்க்கப்பட்டது. அதுதான் அணை உடைந்த இடம். 2023-ஆம் ஆண்டில் மட்டும் சுகாதார மற்றும் பராமரிப்புப் பணிக்காகச் சுமார் 1.46 லட்சம் விசாக்கள், குடும்பத்தினரைச் சேர்க்காமலேயே, வழங்கப்பட்டன. படிப்பு முடித்த பின் இரண்டாண்டுகள் தங்கி வேலை தேடலாம் என்ற சலுகை மாணவர்களை ஈர்த்தது. புதிதாக வந்தவர்களில் இந்தியர்களே முதலிடம். அதே காலத்தில், ஒன்றிய நாட்டவரில் வந்தவர்களைவிடத் திரும்பிச் சென்றவர்களே அதிகம்.

ஆக, வெளியேற்றத்தால் ஆள் தேவை குறையவில்லை. கதவுதான் மாறியது. அதோடு இன்னொன்றும் மாறியது: கதவைத் திறக்கும் செலவு யார் தலையில் என்பது. போலந்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி முன்பு பேருந்துக் கட்டணத்தோடு வந்தார். வேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறு வேலை பார்த்தார். கோட்டயத்திலிருந்தோ லூதியானாவிலிருந்தோ வந்த பராமரிப்புப் பணியாளருக்கு விசாக் கட்டணம், விமானக் கட்டணம், பல நேரங்களில் சட்டவிரோதமாக முகவர் பறித்த பெருந்தொகை என்று வீட்டை அடகு வைத்தே பயணம் தொடங்கியது. அவரது விசா ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டது. அந்த முதலாளியின் உரிமம் ரத்தானால், புதிய ஸ்பான்சரைத் தேட அவருக்குக் கிடைப்பது 60 நாள்கள்தாம். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை, முறைகேடுகளுக்காக 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமங்கள் ரத்து செய்யப்பட்டதாக பிரிட்டன் அரசே தெரிவித்துள்ளது. முறைகேடு செய்தது நிறுவனம். நடுத்தெருவில் நின்றது பணியாளர்.

பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ளவை போன்ற வயல்களிலும் இதே கதைதான். 2019-இல் 2,500 பேருடன் சோதனை முயற்சியாகத் தொடங்கிய பருவகால விசா, ஆண்டுக்கு 40 ஆயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. முதலில் உக்ரைனியர்கள் வந்தார்கள். போர் மூண்டதும் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று ஆள் தேடல் கிழக்கு நோக்கி நகர்ந்தது. ஆறு மாதம் பழம் பறித்துவிட்டுத் திரும்பும் அவர்கள் வாக்காளர் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. ஒருவேளை அதுவே இந்த ஏற்பாட்டின் அரசியல் வசதியாக இருக்கலாம்.

ஆங்கிலக் கால்வாயில் சிறு படகுகளில் வருவோர் விவகாரத்திலும் வெளியேற்றத்தின் தடம் உண்டு. அடைக்கலம் கோருபவரை, அவர் முதலில் நுழைந்த ஒன்றிய நாட்டுக்கே திருப்பி அனுப்ப வகை செய்யும் டப்ளின் ஏற்பாட்டிலிருந்தும் பிரிட்டன் வெளியேறிவிட்டது. 2018-இல் சுமார் 300 பேர் அப்படி வந்தனர். 2022-இல் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். படகுகள் பெருகியதற்கு டப்ளின் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்த ஏற்பாட்டின் கீழும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் குறைவே. ஆனால், கையில் இருந்த ஒரே சட்டக் கருவியையும் விட்டுவிட்டு, 2025-இல் பிரான்சுடன் 'ஒருவரை அனுப்பி ஒருவரை ஏற்கும்' சோதனைத் திட்டத்துக்குப் பேச்சு நடத்த வேண்டியதாயிற்று.

சமையல்காரர்களுக்குச் சொன்ன வாக்கு

2016 பிரசாரத்தில் தெற்காசியர்களைக் குறிவைத்து ஒரு முழக்கம் எழுந்தது. ஐரோப்பியர்களுக்கு வரம்பின்றிக் கதவு திறந்திருப்பதால்தான் இந்தியா, வங்கதேசத்திலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவர முடியவில்லை. வெளியேறினால் கறி உணவகங்கள் காப்பாற்றப்படும் என்று அன்றைய அமைச்சர் பிரீத்தி படேல் உள்ளிட்டோர் கூறினர. பெரும்பாலும் சில்ஹெட் வம்சாவளியினர் நடத்தும் அந்த உணவகங்களின் உரிமையாளர்களில் பலர் அதை நம்பினர். பின்னர் உள்துறை அமைச்சரான அதே படேல் கொண்டுவந்த புள்ளிகள் முறையின் ஊதிய வரம்பு 25,600 பவுண்டாக இருந்தது. அது 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது. தெருமுனை உணவகம் ஒன்று தன் சமையல்காரருக்குக் கொடுக்கக்கூடிய சம்பளம் அல்ல அது.

வெளியேற்றத்தின் பலன் என்று வெளியேற்ற ஆதரவாளர்கள் இன்று முதலில் காட்டுவது இந்தியாவுடனான ஒப்பந்தத்தைத்தான். சொந்தமாக வர்த்தக ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை ஒன்றிய உறுப்பு நாடுகளுக்குக் கிடையாது என்பதால், அந்த வாதத்தில் நியாயம் உள்ளது. 2022 ஜனவரியில் பேச்சு தொடங்கியது. அதே ஆண்டு தீபாவளிக்குள் முடிப்போம் என்றார் ஜான்சன். தீபாவளி நெருங்கியபோது, இந்தியர்களுக்கு எல்லையைத் திறந்துவிடுவது குறித்துத் தமக்குத் தயக்கம் உண்டு என்று உள்துறை அமைச்சர் சுயெல்லா பிரேவர்மேன் வெளிப்படையாகப் பேச, பேச்சில் கசப்பு படர்ந்தது. இறுதியில் 2025 ஜூலை 24-ஆம் தேதி, பிரதமர்கள் நரேந்திர மோடி, கியர் ஸ்டார்மர் முன்னிலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்தியாவுக்கு இதில் ஆதாயம் தெளிவானது. வங்கதேச ஆடைகள் வரியின்றி நுழையும் சந்தையில், இந்திய ஆயத்த ஆடைகள் 12 சதவீதம் வரை வரி சுமந்தன. திருப்பூருக்கும், தோல் பொருள்களில் ஆம்பூர், ராணிப்பேட்டைக்கும் அந்தச் சுமை நீங்க ஒப்பந்தம் வழி செய்கிறது. குறுகிய காலப் பணிக்குச் செல்லும் இந்தியர்களும் அவர்களது நிறுவனங்களும் மூன்றாண்டுகள் வரை பிரிட்டனில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு செலுத்தத் தேவையில்லை. பதிலுக்கு, ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 சதவீத வரியை உடனடியாக 75 சதவீதமாகவும், பத்தாண்டுகளில் 40 சதவீதமாகவும் குறைக்க இந்தியா இசைந்தது.

பிரிட்டனுக்கு? ஒப்பந்தத்தால் நீண்டகாலத்தில் அந்நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 480 கோடி பவுண்ட் சேரும் என்று அந்நாட்டு அரசு மதிப்பிடுகிறது. இது அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம். 4 சதவீத இழப்புக்கு அருகில் இந்த எண்ணை வைத்துப் பார்ப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. 140 கோடி மக்கள் கொண்ட சந்தை என்றாலும், பக்கத்து வீட்டுக்காரருடன் நடக்கும் வணிகத்துக்கு அது ஈடாகாது. இன்றும் பிரிட்டனின் ஏற்றுமதியில் சுமார் 41 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத்தான் செல்கிறது.

ஆட்கள் வருகையைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் குடியேற்ற விதிகளைத் தொடவில்லை என்று லண்டன் அழுத்திச் சொல்கிறது. சமையல்காரர்கள், யோகா ஆசிரியர்கள், இசைக் கலைஞர்கள் ஆகியோருக்கு மட்டும் ஆண்டுக்கு 1,800 பேர் வரை வர இடம் உண்டு. கறி உணவகங்களுக்குச் சொன்ன வாக்கில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மிஞ்சியது அவ்வளவே.

திரும்பிப் பார்க்கும் லண்டன்

மீண்டும் சேர்வதில்லை, பொதுச் சந்தையும் இல்லை, சுங்க ஒன்றியமும் இல்லை, தடையற்ற நடமாட்டமும் இல்லை என்று தொழிற்கட்சி அரசு திட்டவட்டமாகக் கூறுகிறது. ஆனால் 2025 மே 19-ஆம் தேதி லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவு மற்றும் தாவரப் பொருள்களுக்கான சோதனைகளை நீக்கும் உடன்பாட்டுக்கு இசைவு ஏற்பட்டது. அதற்கு விலையாக, அத்துறையில் ஒன்றியம் இயற்றும் விதிகளைப் பிரிட்டன் அவ்வப்போது ஏற்றுக்கொள்ளும். விதி இயற்றும் மேசையில் மட்டும் அதற்கு இருக்கை இராது. பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன்பிடிக்கும் அனுமதி 2038 வரை நீட்டிக்கப்பட்டது. மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டத்தில் 2027 முதல் மீண்டும் சேரவும் முடிவாகியுள்ளது. சோதனைக்கெனக் கோடிக்கணக்கில் கட்டிய எல்லைச் சாவடிகளை என்ன செய்வது என்று துறைமுகங்கள் இப்போது கேட்கின்றன.

ஐரோப்பாவை நோக்கி இப்படிக் கதவு சற்றே திறக்கும் அதே வேளையில், மற்ற திசைகளில் அது வேகமாக மூடப்படுகிறது. மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர 2024 ஜனவரியிலும், பராமரிப்புப் பணியாளர்கள் அழைத்துவர அதே ஆண்டு மார்ச்சிலும் தடை வந்தது. விசாதாரர்கள் பொதுச் சுகாதாரச் சேவைக்காக ஆண்டுதோறும் முன்கூட்டியே செலுத்தும் கூடுதல் கட்டணம் 624 பவுண்டிலிருந்து 1,035 பவுண்டானது. 2025 ஜூலையில் பராமரிப்புப் பணிக்கு வெளிநாடுகளிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. 2025 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் சுமார் 2 லட்சமாகச் சரிந்தது. உச்சத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு.

ஏற்கெனவே வந்து, முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவுப் பணி பார்த்துக்கொண்டிருப்பவர்களின் நிலை என்ன என்பதுதான் இப்போது பல இந்தியக் குடும்பங்களின் கவலை. ஐந்தாண்டு வேலை செய்தால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை என்ற உறுதியை நம்பி வந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தைப் பொதுவாகப் பத்தாண்டாகவும், பராமரிப்பு போன்ற குறைந்த தகுதி நிலைப் பணிகளில் இருப்பவர்களுக்குப் பதினைந்து ஆண்டாகவும் நீட்டிக்க, உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் 2025 நவம்பரில் முன்மொழிந்தார். இன்னும் அந்த உரிமையைப் பெறாத, ஏற்கெனவே நாட்டில் உள்ளவர்களுக்கும் இது பொருந்த வேண்டும் என்பது அரசின் எண்ணம். முன்மொழிவு அப்படியே சட்டமானால், கதவு திறந்த 2022-இல் சென்று, 2027-இல் நிரந்தர உரிமை கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பராமரிப்புப் பணியாளர் 2037 வரை காத்திருக்க வேண்டும்.